உர டைரியில் ஒரு ஏரி

பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். "பசங்களுக்குப் பரீட்சை முடியுதுப்பா. இந்த லீவுக்கு மலை மேல ஏரி இருக்கிற இடமா ஒண்ணு பாருங்க. போட்டுல போகணும்னு சின்னது ஒரே அடம். நீங்களே பிளான் போட்டுடுங்க, நாங்க வந்து சேர்ந்துக்கறோம்." சரிம்மா என்று சொல்லிவிட்டுத் தாள் தேடப் போனேன். அலமாரியின் அடித்தட்டில் அப்பாவின் டைரிகள் கையில் அகப்பட்டன. தாள் தேடியது மறந்து போயிற்று.

டைரி என்றால் உரக்கடை டைரி. பொங்கலுக்கு முன்னால் வாடிக்கைக்காரர்களுக்குக் கடைக்காரர் கொடுப்பது. அட்டையில் நெல் வயல் படம். உள்ளே முதல் பக்கத்தில் எந்தப் பயிருக்கு எத்தனை கிலோ தழைச்சத்து, மணிச்சத்து என்று ஒரு அட்டவணை. அப்பா அதில் நாட்குறிப்பு எழுதியவர் இல்லை. யூரியா 2 மூட்டை, கூலி ஆள் 4, வெற்றிலை 60 கவுளி, இப்படித்தான் பக்கம் பக்கமாக ஓடும். 1981 டைரியில் தை மாதத்துப் பக்கம் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கும். அது எனக்கு மனப்பாடம். இருந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"ஏற்காடு. ஆள் 5. காலை 5.30 பஸ். சேலம் 8. மலை ஏற 10. ஏரி. போட்டு ஆளுக்கு எவ்வளவு, விசாரிக்க. புளிசாதம். கம்பளி 2. திரும்ப 4 மணி. தண்ணி பாய்ச்ச ஆள்?"

கடைசியில் இருக்கும் அந்தக் கேள்விக்குறியை அப்பா பேனாவை அழுத்திப் போட்டிருக்கிறார். மை அடுத்த பக்கத்துக்கு ஊறியிருக்கிறது.

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம், வெங்கடசமுத்திரத்தை ஒட்டி. வாசலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்கிற பக்கம் முழுக்க சேர்வராயன் மலைதான். ஏற்காடு சேலத்துக்காரர்களுடைய மலை என்று ஊரெல்லாம் நினைக்கிறது. அது எங்களுக்கும் மலை. அவர்கள் தெற்கேயிருந்து பார்க்கிறார்கள், நாங்கள் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். தர்மபுரி மாவட்டமே 1965 அக்டோபர் 2 வரைக்கும் சேலத்தோடு சேர்ந்துதான் இருந்தது. மாவட்டத்தைப் பிரித்தார்கள், மலையைப் பிரிக்க யாராலும் முடியவில்லை.

பாட்டி காலையில் எழுந்து முதலில் பார்ப்பது அந்த மலையைத்தான். உச்சியில் மேகம் கவிந்திருந்தால், "மலை முக்காடு போட்டிருக்கு, இன்னிக்கு வெளியில மல்லாட்டை காயப் போடாதீங்க" என்பாள். பெரும்பாலும் பொய்க்காது. கோடையில் ராத்திரி நேரத்தில் மலையில் தீ ஓடும். தரையிலிருந்து பார்க்க யாரோ சிவப்பு மாலை ஒன்றை மலை மேல் எறிந்த மாதிரி இருக்கும். நாங்கள் குழந்தைகள் அழகு என்று பார்ப்போம். அப்பா வாய் திறக்காமல் பார்ப்பார். மலையில் புல்லும் மரமும் எரிந்தால் மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், ஆற்றில் ஊற்று நிற்காது என்று அவருக்குத் தெரியும். அதை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த மலைக்கு மேல் ஒரு ஏரி இருக்கிறது என்று எனக்கு முதலில் சொன்னவர் ஒரு மலைக்காரப் பெரியவர். சேர்வராயன் மலையிலும் சித்தேரி மலையிலும் இருக்கும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. அந்தப் பெரியவர் பலாப்பழம், மிளகு, நெல்லிக்காய், சீமாறுப்புல் என்று அந்தந்தப் பருவத்துக்குக் கிடைப்பதைத் தலைச்சுமையாகக் கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவார். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவார். "மேல ஒரு ஏரி இருக்குது சாமி. மலை மேல தண்ணி, அதுக்கு மேல பனி. எங்க நிக்கிறோம்னே தெரியாது" என்றார் ஒருநாள். எனக்குப் புரியவே இல்லை. தண்ணீர் என்றால் பள்ளத்துக்கு ஓடுவது. மலை உச்சியில் அது எப்படி நிற்கும்? கிணறு என்றால் மண்ணுக்குள் அறுபது அடிக்குக் கீழே எட்டிப் பார்க்க வேண்டியது என்று வளர்ந்த பையன் நான்.

அவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். "ஏரியும் காடும் சேர்ந்துதாண்டா ஏற்காடு. பேர்லயே இருக்குது பாரு" என்றார். அவரும் அதுவரை பார்த்ததில்லை. பார்க்காத இடத்தைப் பற்றி அவர் பேசும்போது குரல் கொஞ்சம் இளகும். டைரியில் அந்தப் பக்கம் எழுதப்பட்டது அதற்கு அடுத்த தை மாதம்.

பஸ் இருந்தது, புளியும் இருந்தது. தண்ணீர் பாய்ச்ச ஆள்தான் இல்லை. இதைக் கொடிக்கால் வைத்திருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெற்றிலைக் கொடி பச்சைக் குழந்தை மாதிரி. அகத்தி நட்டு, அது வளர்ந்து நிழல் கொடுத்த பிறகு கொடியை அதில் ஏற்றிக் கட்ட வேண்டும். வேரில் ஈரம் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. ஒருநாள் விட்டால் இலை சுணங்கும். இரண்டு நாள் விட்டால் கொழுந்து கருகும். எங்களுக்கு இருந்தது அரை ஏக்கர் கொடிக்கால். மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் எந்த நேரத்தில் வரும் என்று நிச்சயம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் அப்பா லாந்தரை எடுத்துக்கொண்டு போய் மடை திருப்புவார். கரண்ட் வந்த நேரம், போன நேரம் இரண்டும் டைரியில் இருக்கும். அந்த மனிதர் ஒரு பகல் முழுக்க ஊரைவிட்டுப் போவதற்குத் திட்டம் போட்டார் என்பதே எனக்கு இப்போது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

அந்தத் தை மாதம் தண்ணீர் பாய்ச்ச ஒப்புக்கொண்ட மாமன், கடைசி நேரத்தில் பெண் பார்க்கப் போய்விட்டார். அடுத்த வருஷம் தண்ணீரே இல்லை. அதற்கடுத்த வருஷம் பாட்டி படுக்கையில் விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் அப்பா புது டைரியில் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதுவார். ஆள் எண்ணிக்கை 5 என்பது 4 ஆயிற்று. போட்டுக்கு எவ்வளவு என்று விசாரித்து ஒரு வருஷம் விலையும் எழுதியிருக்கிறார், அது அடுத்த வருஷம் ஏறியிருந்ததையும் எழுதியிருக்கிறார். புளிசாதம் மட்டும் மாறவே இல்லை.

வாணியாற்றைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அந்த ஆறு பிறப்பது சேர்வராயன் மலையில். மலையிலிருந்து இறங்கி, எங்கள் ஊர்ப் பக்கம் வந்து, அரூரைத் தொட்டு, கடைசியில் தென்பெண்ணையில் போய்ச் சேர்கிறது. வருஷத்தில் பல மாதம் மணலும் நாணலும்தான். மலையில் இடி இடித்த ராத்திரியில் ஆற்றில் தண்ணீர் வருகிற சத்தம் கேட்கும். தூரத்தில் லாரி வருவது போலத் தொடங்கி வீட்டுச் சுவரில் அதிரும். "ஆத்துல தண்ணி வந்திருச்சு" என்று யாராவது கத்திக்கொண்டு ஓடுவார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் செந்நிறமாகச் சுழித்துக்கொண்டு ஓடும். மலையின் மண் அது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் ஒட்டும். எண்பதுகளில் மலையடிவாரத்தில் வாணியாறு அணையைக் கட்டினார்கள். உயரம் 65 அடி சொச்சம். அது நிரம்பினால் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்து ஏரிகளுக்குக் கால்வாயில் தண்ணீர் போகும். நிரம்பாத வருஷம் பேச்சே வேண்டாம்.

எனக்குத் தெரிந்த முதல் மலை ஏரி அந்த அணைதான் என்று சொல்லலாம். மூன்று பக்கம் மலை, நடுவில் தண்ணீர். நாங்கள் பையன்கள் சைக்கிளில் போய்க் கரை மேல் உட்காருவோம். தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும். அணை கட்டியது விவசாயத்துக்கு என்றாலும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரையில் நான்கு குடும்பமாவது வந்து உட்கார்ந்திருக்கும். வறண்ட ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு பொழுதுபோக்கு. இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

குடிக்கிற தண்ணீரின் கதை வேறு. தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் தலைமுறை ஆட்களைச் சிரிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். பல்லில் பழுப்புக் கோடு. ஆழ்கிணற்றுத் தண்ணீரில் இருக்கும் ஃப்ளோரைடு சின்ன வயதில் பல் முளைக்கும்போதே ஏறிக் கறையாக நின்றுவிடும், தேய்த்தால் போகாது. முற்றினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் வாயை மூடிக்கொண்டே சிரித்தாள். ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவு செய்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது. என் பேத்திகளின் பல் வெள்ளையாக இருக்கிறது. அவர்கள் சிரிக்கும்போது நான் பல்லைத்தான் பார்க்கிறேன்.

ஒகேனக்கல் என்றதும் பரிசல் ஞாபகம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் ஏற்காடு சுற்றுலா என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். போகும் நாள் நெருங்கியதும் மலைப்பாதையில் பஸ் ஏறாது என்று ஏதோ காரணம் சொல்லி ஒகேனக்கலுக்கு மாற்றிவிட்டார்கள். நான் முந்தின ராத்திரி அழுதேன். அம்மா, "அதுவும் தண்ணிதானேடா கண்ணு" என்று சொன்னாள். அது தண்ணீர்தான். ஆனால் வேறு தண்ணீர். பரிசல் என்பது மூங்கில் பிளாச்சில் பின்னிய பெரிய கூடை, அடியில் நீர் புகாதபடி உறை. வட்டமாக இருப்பதால் அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. பாறைகளுக்கு நடுவில் காவிரி உறுமிக்கொண்டு ஓட, பரிசல்காரர் ஒற்றைத் துடுப்பில் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். வானமும் பாறையும் சேர்ந்து சுழன்றன. பயத்தில் பக்கத்துப் பையனின் சட்டையைக் கிழித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது, "ஆத்துத் தண்ணி ஓடும். ஏரித் தண்ணி நிக்கும். ரெண்டையும் பாத்தாத்தான் தண்ணியப் பாத்ததா ஆகும்" என்றார். ஒன்றைப் பார்த்தாயிற்று, இன்னொன்று பாக்கி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பாக்கி தீர்ந்தது 1994இல். அந்த வருஷம் நான் வேலைக்குப் போய்க் கையில் சம்பளம் இருந்தது. அக்கா கல்யாணமாகிப் போய்விட்டாள். பாட்டி இல்லை. கொடிக்காலும் இல்லை. முந்தின வருஷம் வாடல் நோய் வந்து மூன்றே வாரத்தில் அரை ஏக்கரும் வேரோடு அழுகிப் போனது. அப்பா கொடிகளைப் பிடுங்கிப் போட்டு எரித்துவிட்டு, அகத்தியை ஆட்டுக்கு வெட்டிப் போட்டுவிட்டு, ஒரு மாதம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: "இப்ப போலாம்டா. தண்ணி பாய்ச்ச வேண்டிய வேலைதான் இல்லையே."

பதிமூன்று வருஷ ஆசை அப்படித்தான் கைகூடியது. அதைச் சந்தோஷம் என்று சொல்வதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

ஆள் 3. காலை 5.30 பஸ். மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலம். இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து பஸ்ஸுக்கு வழிவிடுகிற இடம் மஞ்சவாடி. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வலப்பக்கம் தெரிந்த சேர்வராயனைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசலிலிருந்து பார்த்த மலையின் விலாவை முதல் தடவை பார்க்கிறார். சேலத்தில் இறங்கி ஏற்காடு பஸ் பிடித்தோம். 20 கொண்டை ஊசி வளைவு. அம்மா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தாள். பதினொன்றாவது வளைவில் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தவள் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். எங்கள் ஊரைவிட ஏற்காடு சுமார் ஒரு கிலோமீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெயில் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அது தோலில் தெரிந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருந்ததைக் கண்டதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "வெத்தலை மாதிரியே இருக்குது பாரு. ஒரே சாதி" என்றார். அது உண்மைதான். வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பத்துக் கொடிகள். அதற்குப் பிறகு ஏரி வரும்வரை அவர் பேசவில்லை.

ஏரியை அவர்கள் இருவரும் பார்த்த அந்த நேரத்தை நான் பலமுறை நினைத்திருக்கிறேன். பஸ் ஒரு திருப்பத்தில் திரும்பியது. மரங்களுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் தண்ணீர். அதன்மேல் பனி இருந்தது, மலைக்காரப் பெரியவர் சொன்ன மாதிரியே. அக்கரை தெரியவில்லை. போட்டு ஒன்று பனிக்குள்ளிருந்து பாதி வெளியே வந்து மிதந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

போட்டில் அம்மாதான் முதலில் ஏறினாள். மிதிபோட்டு வேண்டாம், துடுப்புப் போடுகிறவர் இருக்கும் போட்டுத்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார். ஏரியைப் பற்றிக் கேட்க ஆள் வேண்டுமே. துடுப்பு போட்டவர் வயதானவர். "எந்த ஊருங்க?" என்றார். "பாப்பிரெட்டிப்பட்டி பக்கம்." "அட, மலைக்கு அந்தண்டைப் பக்கமா" என்று சிரித்தார். அப்பா தண்ணீரில் கையை விட்டு ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தார். கிணறு வெட்டும்போது ஊற்று கண்டால் அப்படித்தான் செய்வார். பிறகு கேட்டார்: "இந்த ஏரி ரொம்பினா தண்ணி எங்க போகும்?"

"கிளியூர் அருவிக்குப் போயிருமுங்க."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இது எங்க ஆத்துக்கு வர்ற தண்ணி இல்ல."

"மழை பேயுறப்ப எந்தச் சரிவுல விழுதோ அந்தச் சரிவு ஊருக்குப் போகுமுங்க. உங்க பக்கத்துச் சரிவுல விழுந்தா உங்களுக்கு" என்றார் அவர். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஊருக்கு வந்து பல பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறார்.

ஏரி நடுவில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய் காசை எடுத்தாள். காவிரியைக் கடக்கும்போது பஸ் ஜன்னல் வழியாகக் காசு போடுவார்களே, அந்தப் பழக்கம். கண்ணை மூடி என்னவோ வேண்டிக்கொண்டு போட்டாள். காசு மறையும்வரை மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன வேண்டிக்கொண்டாய் என்று பிறகு கேட்டதற்கு, "கிணத்துல தண்ணி நிக்கணும்னு" என்றாள். வேறு ஏரிக்கு வந்து எங்கள் கிணற்றுக்கு வேண்டிக்கொண்டவள் அவள்.

கரையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். குரங்கு ஒன்று அம்மாவின் அப்பளத்தைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் என்று ஆட்டோக்காரர் ஒருவர் வந்து பட்டியல் சொன்னார். "இது போதும் தம்பி" என்று அப்பா அனுப்பிவிட்டார். நாலு மணி வரை அங்கேயேதான் இருந்தோம். பனி விலகி ஏரி நீலமாயிற்று, பிறகு பச்சையாயிற்று, பிறகு மறுபடி பனி இறங்கியது. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரு ஏரி நிறம் மாறுவதைப் பார்த்த நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

பின்னால் பல ஏரிகளைப் பார்த்துவிட்டேன். ஊட்டி ஏரி, கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1824இல் உண்டாக்கியது. கொடைக்கானல் ஏரி, மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் 1863இல் ஓடைகளைத் தடுத்துக் கட்டியது. ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்த காக்பர்ன் சேலம் கலெக்டர். மலையில் கலெக்டர்களின் கைபடாத இடம் குறைவு. ஆனால் ஏற்காடு ஏரி மட்டும் இயற்கையாகவே அமைந்தது என்பார்கள். எனக்கு அதைக் கேட்கச் சந்தோஷம்.

கல்யாணமான புதிதில் மனைவியோடு ஒருதடவை போனேன். மழை. ஒன்றும் பார்க்கவில்லை, டீக்கடையிலேயே பொழுது போயிற்று. குழந்தைகளோடு ஒருதடவை மே மாதக் கோடை விழாவுக்குப் போனதுதான் தவறு. அடிவாரத்திலிருந்தே வண்டி வரிசை. மலர்க் கண்காட்சியில் மலரைவிடத் தலைகள் அதிகம். போட்டுக்கு இரண்டு மணி நேரம் நின்று, பத்து நிமிஷம் போய்வந்தோம். கரையோரத் தண்ணீரில் பிஸ்கட் உறையும் பாட்டிலும் மிதந்தன. அப்பா அப்போது இல்லை. அவர் பார்க்காமல் போனதே நல்லது என்று நினைத்தேன்.

அதனால் இந்தத் தடவை திட்டத்தை நிதானமாகப் போடுகிறேன். ஊட்டியா கொடைக்கானலா என்று மருமகன் கேட்டார். அந்த இரண்டு ஊருக்கும் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் எடுக்க வேண்டும். எடுப்பது சுலபம்தான். ஆனால் அவ்வளவு வண்டிகள் ஏறி அந்த மலைகள் தாங்காமல் போனதால்தானே உத்தரவு போட வேண்டி வந்தது? பக்கத்தில் இருக்கும் மலையை விட்டுவிட்டு எதற்காக அங்கே போய் நெரிய வேண்டும்? ஏற்காடுதான் என்று முடிவு செய்தேன். சனி ஞாயிறு வேண்டாம், வாரநாளில் போகலாம் என்றேன். பங்குனி பிறந்திருக்கிறது. ஒரு மழை பெய்துவிட்டால் காபிச்செடி பூத்துவிடும். கிளை முழுக்க வெள்ளையாக, மல்லிகை வாசனையோடு, சில நாள்தான் நிற்கும். கிடைத்தால் பேத்திகளின் அதிர்ஷ்டம்.

வழி மஞ்சவாடிதான். ஆனால் சேலம் வரை போகாமல், அயோத்தியாப்பட்டணம் பக்கம் குப்பனூர் வழியாக ஏறலாம். அந்தப் பாதையில் கூட்டம் குறைவு, காடு அதிகம். காரை மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். காட்டுமாடு குறுக்கே நின்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும். இறங்கிப் போட்டோ எடுக்கப் போகிறவர்களை அது முட்டிய செய்தி அடிக்கடி வருகிறது. போட்டில் ஏறும்போது லைப் ஜாக்கெட் கட்டாயம், சின்னதற்கு அளவாக இருக்கிறதா என்று நானே பார்த்துக் கட்டுவேன். மலை உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கிறது. குனிந்து போக வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். 1994இல் நேரமில்லாமல் விட்டுப்போனது. அப்பாவுக்கு அது குறையாகவே இருந்தது. அங்கே போக வேண்டும். மற்ற எந்த பாயிண்டும் வேண்டாம். ஏற்காட்டுக்கு ஒரு நாள் போகிறவனுக்கு அந்த ஏரியும் அந்தக் கோயிலும் போதும். பத்து இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

சாப்பாட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறோம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழையிலையும் எவர்சில்வர் டம்ளரும்தான். தண்ணீர் கேனில் போகிறது. போகிற குப்பை அதே பையில் கீழே வந்துவிட வேண்டும். அந்தச் சரிவில் எறிகிற உறை அடுத்த மழைக்கு யாருடைய ஆற்றுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். வாணியாற்றுக் கால்வாய் மதகில் சிக்கியிருந்த பிளாஸ்டிக்கை நான் கையால் எடுத்திருக்கிறேன்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இவ்வளவு யோசிப்பீங்களா, ஒருநாள் டூருக்கு?" என்றாள். பிறகு அவளே, "தாத்தா டைரில எழுதுவாரே, அதுமாதிரி எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா" என்றாள்.

இப்போது எனக்கு உரக்கடை டைரி யாரும் தருவதில்லை. பேத்தி விட்டுப்போன நோட்டில் எழுதினேன். ஏற்காடு. ஆள் 6. காலை 5.30, கார். புளிசாதம், அக்கா கட்டித் தருகிறாள். அவளும் வருகிறாள். 1981 பக்கத்திலிருந்த ஐந்து பேரில், இப்போது இருப்பவர்களில் இன்னும் ஏரியைப் பார்க்காதவள் அவள்தான். ஸ்வெட்டர் 6. சேர்வராயன் கோயில். ஏரி, துடுப்புப் போட்டு. திரும்ப 4 மணி.

எங்கள் நிலத்தில் இப்போது தென்னை, சொட்டுநீர்க் குழாய். ஒருநாள் நான் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. இருந்தாலும் "தண்ணி பாய்ச்ச ஆள்" என்று எழுதி, பக்கத்துத் தோட்டத்துத் தம்பியின் பெயரை எழுதினேன். கேள்விக்குறி போடவில்லை. அவனிடம் கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டான்.

போகும் வழியில் முதலில் வாணியாறு அணையில் அரை மணி நேரம் நிற்கிறோம். பசங்கள் மலையைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு ஏறட்டும். வரும் வியாழக்கிழமை கிளம்புகிறோம்.